ஆயிரம் கிலோமீட்டர் சாவடி

புது வண்டி என்றால் செய்து முடித்த வண்டி என்று 1983இல் யாரும் நம்பவில்லை. பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடரை மவுண்ட் ரோட்டில் டெலிவரி எடுப்பார்கள். மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அதற்குப் பிறகும் அது பாதி வண்டிதான். பின் கதவு ஓங்கி அடித்தால்தான் மூடும். இறக்கிய கண்ணாடி ஏறாது. டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு திருகாணி உருண்டுகொண்டே வரும். மீதி வண்டியைச் செய்து முடிப்பது முதல் சர்வீசின் வேலை.

இன்று வண்டி முழுதாகச் செய்து முடிக்கப்பட்டு வருகிறது. முதல் சர்வீசில் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று அரை நாளில் முடிந்த சடங்குக்கு இன்று அப்பாயின்ட்மென்ட், ஜாப் கார்டு, காத்திருப்பு அறை, காபி மெஷின், மறுநாள் கருத்துக் கேட்கும் போன் என்று எத்தனையோ வந்துவிட்டன. இரண்டையும் கிட்டே இருந்து பார்த்தவன் நான். பார்த்த இடம் இரண்டு தடவையும் ஒன்றுதான்: மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கும் எங்கள் குமணன்சாவடி வட்டாரம்.

அப்பா பூந்தமல்லியில் ஒரு அரிசி மண்டி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். முதலாளி வாங்கிய அம்பாசடர் மார்க் 4 ராத்திரியில் மண்டி வாசலில் நிற்கும். பகலில் அப்பா கையில் இருக்கும். புது இன்ஜினை 50க்கு மேல் மிதிக்கக் கூடாது, மலை ஏற்றக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது என்று அப்பா முதலாளிக்கே சட்டம் போட்டிருந்தார். அதற்கு ‘ரன்னிங்-இன்’ என்று பேர். பின்கண்ணாடியில் அதைச் சீட்டாக எழுதி ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களை முந்திப் போகச் சொன்னவர்களும் உண்டு. சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்த வேண்டும். அன்றைய கடைசல் வேலை அவ்வளவு நைசாக இருக்காது. அதனால் முதல் 800 கிலோமீட்டரில் உதிரும் இரும்புத்தூள் முழுவதும் ஆயிலில்தான் இறங்கும். அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதே முதல் சர்வீசின் முதல் காரணம்.

கம்பெனி கொடுத்த கூப்பனுக்கு மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் நடக்கும். முத்திரை குத்திக்கொண்டு வந்த வண்டியை அப்பா நேராக வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். குமணன்சாவடியில் ஒரு மெக்கானிக் செட்டு முன்னால் நிறுத்துவார். பெங்களூர் போகிற லாரிகளும் பஸ்களும் பூந்தமல்லி வழியாகவே போன காலம். சாலையோரத்தில் செட்டுக்குப் பஞ்சமில்லை. இந்தச் செட்டின் மேஸ்திரி கார் மட்டும்தான் தொடுவார். கூப்பனைப் பார்த்து, “அவுங்க பாத்தாச்சா? சரி, இப்ப நாம பாப்போம்” என்பார்.

பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, அடியில் இறங்கி, வடிகிற ஆயிலில் ஒரு சொட்டைக் கட்டைவிரலில் ஏந்திக்கொண்டு வெளியே வெயிலுக்கு வருவார். விரலால் தேய்த்துப் பார்ப்பார். மவுண்ட் ரோட்டில் மாற்றியதாகச் சொன்ன ஆயிலில் ஜிகினாத்தூள் மாதிரி ஏதோ மினுங்கும். அப்பா என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பத்து வயது. இன்ஜினுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு மனிதரின் கட்டைவிரலில்.

அதற்குப் பிறகு டாப்பெட். மூடியைக் கழற்றினால் எட்டு வால்வும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ராக்கருக்கும் நடுவே 15 தவ் இடைவெளி இருக்க வேண்டும்; அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் பதினைந்து. குறைந்தால் வால்வு முழுசாக மூடாமல் கருகும். கூடினால் கடகடவென்று அடிக்கும். வால்வு முழுக்க மூடியிருக்கும்போதுதான் அதை அளக்க முடியும். எது மூடியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி எனக்குச் சொன்ன கணக்கு இன்றும் மறக்கவில்லை. “எட்டாம் நம்பர் அமுங்கியிருந்தா ஒண்ணாம் நம்பரை வை. ஏழு அமுங்கியிருந்தா ரெண்டை வை. ஆறுக்கு மூணு. ரெண்டையும் கூட்டினா ஒன்பது வரணும், அவ்ளோதான் தம்பி.” செட்டுப் பையன் முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுவான். எந்த வால்வு கீழே போகிறது என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். நான் “அஞ்சு!” என்றால் மேஸ்திரி நாலாம் வால்வில் ஃபீலர் கேஜை நுழைத்து, லேசாக உரசி வருகிறதா என்று இழுத்துப் பார்த்து நட்டை இறுக்குவார். நாலு சிலிண்டர் வண்டிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பொருந்துகிறது என்பதை அன்றே கையால் தெரிந்துகொண்டாயிற்று.

கிரீஸ் கன்னால் முன்சக்கரப் பக்கத்து நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிப்பார்கள். பிளக், பாயிண்ட், ஃபேன் பெல்ட் பார்த்து, கார்பரேட்டரில் ஸ்லோ ஸ்பீடு வைப்பார்கள். கடைசியில் ஒரு நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து மேஸ்திரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் கண்ணைத் திறக்கும் வரைக்கும் அப்பா பேச மாட்டார்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஹேண்டில் சுற்றிய பையனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டையும்தான் அவனுக்குக் கூலி. சூடான சைலன்சரில் பட்ட தழும்பு முழங்கை வரைக்கும் இருந்தது. வடித்த ஆயில் அப்படியே சாலையோரக் கால்வாய்க்குப் போயிற்று. மழை பெய்தால் தேங்கின தண்ணீரில் வானவில் நிறத்தில் மிதக்கும். நாங்கள் அதில் கப்பல் விட்டிருக்கிறோம். கையைப் பெட்ரோலில் கழுவிவிட்டு அதே கையால் சோறு தின்பார்கள். இன்று சர்வீஸ் சென்டரில் பழைய ஆயில் தனி டிரம்முக்குப் போகிறது. கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்கிறார்கள். அம்பத்தூர் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்த பிள்ளை சீருடையும் பாதுகாப்பு ஷூவும் பி.எஃப். கணக்குமாக நிற்கிறான். இதில் எது மேல் என்று எனக்குக் கேள்வியே இல்லை.

எல்லாம் மாறியதும் எங்கள் சாலையிலேயே கண்ணுக்கு எதிரில் நடந்தது. 1983 டிசம்பரில் டெல்லியில் மாருதி 800 வந்தது. கொஞ்ச வருஷத்தில் மண்டி முதலாளியின் தம்பி ஒன்று வாங்கினார். கதவு ஒரு விரலால் தள்ளினாலே மூடியது. 1998இல், பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையிலேயே இருக்கிற இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாகப் போவதை டீக்கடையில் நின்று பார்ப்போம். 2000இல் மாசு விதிகள் இறுகின; கார்பரேட்டர் மெல்ல மறைந்தது. சிலிண்டர் சுவரை நுண்ணிய கீறல்கள் மட்டும் விட்டு முன்கூட்டியே வழவழப்பாக்கும் முறை வந்தது. பொருத்துவதற்கு முன்பே உலோகத்தூளைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். ஆயிலும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று தண்ணீராகவே ஓடுகிற சிந்தெடிக் வகைக்கு மாறிவிட்டது. அதனால்தான் இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் முதல் சர்வீசில் ஆயில் மாற்றுவதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். அப்போதுதான் முதல் தடவை வடிக்கிறார்கள். பழைய ஞாபகத்தில் “ஆயில் மாத்தலையா?” என்று சண்டை போடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து அட்டவணையைப் பார்த்தால் சண்டை தேவைப்படாது.

போன வருஷம் மகள் கார் வாங்கினாள். சின்னப் பெட்ரோல் கார், டிஎன் 12 நம்பர். போரூர் பக்கம் வேலை. தலைக்குமேல் மெட்ரோ தூண்கள் நிற்க, எங்கள் பூந்தமல்லி சாலையிலேயே போய்வருகிறாள். மாங்காட்டில் பூஜை, எலுமிச்சம்பழம் எல்லாம் அப்படியேதான் நடந்தன. முதல் சர்வீஸ் எப்போது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சிலருக்கு 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், சிலருக்கு 1,500 அல்லது இரண்டு மாதம். எது முந்துகிறதோ அது கணக்கு. வாரண்டி இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மீட்டர் 900ஐத் தொடுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்துவிட்டது.

நானும் கூடப் போனேன். அட்வைசர் தம்பி டேப்லெட்டோடு வண்டியைச் சுற்றி வந்து படம் பிடித்தார். கீறல், பெட்ரோல் அளவு, கிலோமீட்டர், டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் குறித்துக்கொண்டார். இது நல்ல பழக்கம். நாமும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கேட்டார்: “மேடம், எதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?”

மகள் ஒரு மாதமாகப் போனில் குறித்து வைத்திருந்ததை வாசித்தாள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நேர்சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. காலையில் முதல் தடவை பிரேக் மிதிக்கும்போது ஒரு கீச்சொலி. அவர் தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று தட்டினார்.

“நான் சொன்னதை அப்படியே எழுதுங்க தம்பி. மூணும் தனித்தனியா வரணும்.”

“எல்லாம் செக் பண்ணிடுவோம் மேடம்.”

“செக் பண்ணுங்க. எழுதியும் வைங்க.”

எழுதினார். முதல் சர்வீசில் இதைவிட முக்கியமான காரியம் வேறில்லை என்பது என் துணிபு. ஒரு குறை வாரண்டிக் காலத்தில் திரும்பத் திரும்ப வந்தால், முதல்நாளே சொன்னோம் என்பதற்கு அந்த ஜாப் கார்டு ஒன்றுதான் சாட்சி. நாளைக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகிற நிலை வந்தாலும் அங்கே பேசப்போவது அந்தக் காகிதம்தான். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

பிறகு எஸ்டிமேட் வந்தது. முதல் சர்வீஸ் இலவசம் என்றால் கூலி இலவசம் என்று அர்த்தம். பொருள் ஏதாவது போட்டால் அதற்குக் காசு. பொருளே போட வேண்டியிராத சர்வீசுக்கு எஸ்டிமேட் 5,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத்துக்கு ஆன்ட்டி-ரஸ்ட், ஏசி கிருமிநீக்கம், வீல் அலைன்மென்ட், இன்ஜின் டிரெஸ்ஸிங். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. ஒரு மாத வயசு வண்டிக்கு இதில் ஒன்றும் கம்பெனி அட்டவணையில் இல்லை. இன்றைய கார் பாடியைத் தொழிற்சாலையிலேயே மின்சாரம் பாய்ச்சிய பெயின்ட் தொட்டியில் முழுசாக முக்கி எடுக்கிறார்கள். துருவுக்கு எதிரான காப்பு அதோடு வந்துவிடுகிறது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. மாதத்துக்கு இத்தனை கோட்டிங் விற்க வேண்டும் என்று அவர் தலைமேல் டார்கெட் இருக்கும். ஆனால் முதல்முறை கார் வாங்கி, கையெழுத்துப் போடு என்ற இடத்தில் போட்டுவிட்டுப் போகிற எத்தனையோ குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. கடன் தவணையே கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் அந்த 5,000 சின்னத் தொகை இல்லை. “இதெல்லாம் எடுத்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடுத்துவிட்டார்கள். யாரும் மறுக்கவில்லை.

வண்டி உள்ளே போயிற்று. எங்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். டிவியில் சர்வீஸ் பே தெரியும் என்றார்கள். தெரிந்தது, வேறு யாருடைய வண்டியோ. சர்வீஸ் பகுதிக்குள் வாடிக்கையாளர் வரக் கூடாதாம். லிஃப்டும் காற்றழுத்தக் கருவியும் இருக்கிற இடத்தில் அந்த விதிக்கு நியாயம் இருக்கிறது. மகள் விடவில்லை. சத்தத்தை நான் ஓட்டித்தான் காட்ட முடியும், வேலை செய்கிறவரை வெளியே அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் நின்றாள்.

டெக்னீஷியன் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். திருவள்ளூர் பக்கத்துப் பிள்ளை, ஐடிஐ முடித்தவர். மகளை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பின்சீட்டில் உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதில், “அக்கா, நிறுத்துங்க” என்று இறங்கி டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி கொக்கியில் மாட்டாமல் கிடந்தது. மாட்டி இறுக்கினார். சத்தம் போயிற்று. இடது இழுவைக்கு அலைன்மென்ட் வேண்டாம், முதலில் காற்றுப் பார்க்கலாம் என்றார். இடது முன்டயரில் காற்று குறைவு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் காட்டி, “இதுதான் அளவு. காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க” என்று சொல்லிக்கொடுத்தார். பிரேக் கீச்சொலி ராத்திரிப் பனியில் டிஸ்க் மேல் படிகிற லேசான துரு. ரெண்டு தடவை மிதித்தால் போய்விடும், நாள் முழுக்க இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

பிறகு நாங்கள் பார்க்கும்படியே டார்க் ரெஞ்சால் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது. பேட்டரி முனை, கூலன்ட், பிரேக் ஆயில், விளக்குகள் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, பதிவான கோளாறு எதுவுமில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் சர்வீஸ் இவ்வளவுதான். வாட்டர் சர்வீசையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை.

நான் ஒன்று கேட்டேன். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பக்கம் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி நின்றுவிடும். துணியால் துடைத்தால் கிளம்பும். “இந்த வண்டி காத்து எங்கேருந்து இழுக்குது?” என்றேன். பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்கு மேலே கிரில்லுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் குழாயின் வாயை மகளின் கையைப் பிடித்துத் தொட வைக்காத குறையாகக் காட்டினார். “இதுக்குள்ள தண்ணி போச்சுன்னா சிலிண்டருக்குப் போயிடும். தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தண்ணில நின்னுடுச்சுன்னா திருப்பி ஸ்டார்ட் பண்ணவே கூடாதுக்கா, இழுத்துட்டு வந்துடணும்.” ஸ்டார்ட் செய்து பார்த்து இன்ஜினையே இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சென்னையில் கார் கொடுக்கும் ஒவ்வொருவரும் சாவியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கேட்டதால் சொன்னார். கேட்காதவர்களுக்குச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. நடுவில் கண்ணாடி நிற்கிறது.

இதுதான் எனக்கு ஆற்றாமை. பத்து வயதுப் பையனுக்கு டாப்பெட் கணக்குச் சொல்ல மேஸ்திரிக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. இந்தப் பிள்ளைக்கும் அதே பிரியம் இருக்கிறது, மேஸ்திரியைவிடப் படிப்பும் இருக்கிறது. ஆனால் வண்டிக்காரரும் வண்டியைத் தொடுகிறவரும் சந்திக்கவே கூடாது என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கிறோம். முதல் சர்வீஸ் அட்டவணையில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நான் பதினைந்து நிமிஷம் கேட்பேன்: டெக்னீஷியன் பானெட்டைத் திறந்து வண்டிக்காரருக்குக் காட்டட்டும்.

பில் பூஜ்யம். திரும்பும் வழியில் மாங்காடு சாலையில் ஒரு செட்டில் நிறுத்தினோம். அதன் ஓனர், ஒரு காலத்தில் ஹேண்டில் சுற்றிய அதே பையன். இப்போது அவரும் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். சில கம்பெனி வண்டிகளில் அது பாதிக் கதவுதான் திறக்கும் என்றார். வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் பரிசோதனைக் கருவியும் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. செட்டுக்காரருக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தது. பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

பானெட்டைத் திறந்து, குனிந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு மூடினார். “நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. நல்லா இறுக்கியிருக்கான், யாரு பையன்?” என்று கேட்டார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். “மேடம், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, இல்லன்னா எங்களுக்குப் பிரச்சினை ஆயிடும்.” மகள் டெக்னீஷியனுக்குப் பத்து, வரவேற்பறைக்கு ஏழு, எஸ்டிமேட்டில் முன்கூட்டியே டிக் போட்டதற்கு இரண்டு என்று தனித்தனியாகக் கொடுத்தாள். அப்படிப் பிரித்துக் கொடுக்க அவர்கள் படிவத்தில் இடமில்லையாம். சாயங்காலம் மேனேஜரே கூப்பிட்டார். பத்தாயிரத்தில் ஆயில் மாற்றும்போது முன்கூட்டியே சொன்னால், அதே டெக்னீஷியனை நிறுத்தி, வண்டி பக்கத்தில் நின்று பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மகள் அதை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.